முதல் பன்னிரண்டு வாடிக்கையாளர்கள்

இணையத் திரைச்சீலைக் கடையின் கணக்கு முடக்கப்பட்ட செய்தி வந்தபோது தையல் அறையில் இருந்தவர்கள் நால்வர்: கடையை நடத்தும் அவள், அவள் கணவன், குடும்ப மானத்தைக் காக்கவே பிறந்த பெரியப்பா, மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த பெரியம்மா.

வாடிக்கையாளர் செலுத்தும் பணத்தை வாங்கித் தரும் நிறுவனம் சுருக்கமாக எழுதியிருந்தது: சந்தேகம், பணம் நிறுத்தி வைக்கப்படுகிறது. விடுதிக்காரர் ஒருவர் கொடுத்த முன்பணமும் அதில்தான் மாட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பணத்தில் அவள் துணி வாங்கித் தைக்கத் தொடங்காவிட்டால் அவர் வேறு கடையைப் பார்த்துக்கொள்வார். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது.

ரசீதுகளை அனுப்பினாள். முதல் பன்னிரண்டு விற்பனைக்கும் பணம் கட்டியது தான் இல்லை என்று கார்டுக்காரர் மறுத்துவிட்டதாகப் பதில் வந்தது. யார் அவர் என்று சொல்ல மாட்டார்களாம்.

"போட்டிக் கடைக்காரன் வேலைதான்," என்றான் கணவன்.

"அவனேதான், சந்தேகமே வேண்டாம்," என்றார் பெரியப்பா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. மாலைக்குள் சொந்தபந்தம் முழுவதும் அதையே பேசியது.

பொருள் போய்ச் சேர்ந்த கையெழுத்துகளை அனுப்பினாள். பன்னிரண்டு பேருக்கு ஒரே கார்டா, அப்படியென்றால் அது திருட்டுக் கார்டோ என்று நிறுவனத்தின் சந்தேகம் இன்னும் தடித்தது. கணவன் அவளைக் கேட்காமல் தன் பெயரில் இன்னொரு கணக்குத் திறந்தான். முகவரி ஒன்றே என்று அதையும் முடக்கினார்கள்.

"உதவி பண்றேன்னு இனிமே யாரும் என் பக்கம் வராதீங்க," என்று பல்லைக் கடித்தவள், போலீஸில் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

பெரியப்பா துள்ளி எழுந்தார். "போலீஸ் வாசலை மிதிக்கிற வழக்கம் நம்ம குடும்பத்துலயே இல்லம்மா. மானம் என்னாகிறது?"

"சரி பெரியப்பா. அந்தப் போட்டிக் கடைக்காரனையே நாலு பேர் முன்னாடி கேட்டுட்டு வரேன்."

அவள் செருப்பை மாட்டினாள். அது இன்னும் மோசம் என்று பெரியப்பா வாசலை மறித்து நின்றார்.

அப்போதுதான் பெரியம்மா, மடித்த துணியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"போட்டிக் கடைக்காரன் ஒண்ணும் பண்ணல. யாரும் வாங்கலைன்னா குடும்பத்துக்கு அவமானம்னு வாக்கிங் கூட்டாளிங்க பேர்ல வாங்கினதும் இவர்தான், இத்தனையும் வாங்கினது நீங்கதானான்னு பேங்க்ல கேட்டப்ப வெட்கப்பட்டு இல்லவே இல்லைன்னதும் இவர்தான். எங்க பீரோவைத் திறந்து பாரு, பன்னிரண்டும் அங்கதான் இருக்கு."