டங்கன் ஓடைப் பாலத்து ரிவால்வர்கள் மொத்தம் எத்தனை?

ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், டங்கன் ஓடைக்கு மேல் ஒரு பாலம் இருந்தது. அது கட்டி நூறு ஆண்டு நிறைவடைந்ததை முன்னிட்டு, 1977-இல் விக்கர்ஷாம் துப்பாக்கித் தொழிற்சாலையார் ஒரு நினைவு ரிவால்வரை வெளியிட்டுப் பெருமை கொண்டார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு தொற்றுநோய். ஊருக்கு ஒரு ரிவால்வர், ரயில் நிலையத்துக்கு ஒரு ரிவால்வர், செத்துப்போன ஷெரீஃபுக்கு ஒரு ரிவால்வர். எங்கள் பாலத்துக்கு மட்டும் இல்லையென்றால் எங்கள் மானம் என்னாவது? நீல எஃகு உடம்பு, தந்த நிறப் பிடி, பக்கவாட்டில் தங்கப் பூச்சில் பாலத்தின் படம். பிடியின் பின்புறம் ‘ஐந்நூறில் இத்தனையாவது’ என்று ஓர் எண். விழா முடிந்த நாலாம் மாதம் பாலம் ஓடையில் விழுந்துவிட்டது. ரிவால்வர் மட்டும் நிலைத்து நின்றது.

அந்த ரிவால்வரால் இதுவரை யாரும் சுட்டதில்லை. சுடுவதென்ன, தோட்டா உருளையை ஒருமுறை சுழற்றினாலே அதில் மெல்லிசாக ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் மதிப்பு போச்சு. ஆகவே நாங்கள் விசையைத் தொடமாட்டோம். பெட்டியைத் திறக்கமாட்டோம். துரு ஏறிவிடும் என்று பக்கத்தில் நின்று தும்மக்கூட மாட்டோம். உலக சமாதானத்துக்கு எங்கள் அளவுக்குத் தொண்டு செய்தவர்கள் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

நான் ஹார்லன் பிக்ஸ்பி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். இந்த ரிவால்வரைப் பற்றிய முழு வரலாற்றையும் பதினோரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன். முந்நூற்று நாற்பது பக்கம் தயார். திருகாணிக்கு மட்டுமே இருபத்தாறு பக்கம். முதல் பக்கத்தில்தான் ஒரு கோடிட்ட இடம் காலியாகக் கிடந்தது. ‘மொத்த உற்பத்தி.’ விளம்பரத்தில் ஐந்நூறு என்று போட்டிருந்தார்கள். விளம்பரத்தை நம்புகிறவன் ஆராய்ச்சியாளன் ஆவானா?

என் மனைவி வெல்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஹார்லன், பதினோரு வருஷமா நம்ம சாப்பாட்டு மேஜை என்ன நிறம்னே எனக்கு மறந்து போச்சு. நன்றி நாள் விருந்துக்கு வான்கோழியைச் சலவை மெஷின் மேல வச்சு வெட்டுறேன். வெக்கமா இல்ல?”

“ஒரே ஒரு நம்பர்தான் பாக்கி, வெல்மா.”

“நவம்பர்ல உங்க ரிவால்வர் சங்கக் கூட்டம் வருதில்ல? அதுக்குள்ள அந்த நம்பர் வரணும். வரலைன்னா இத்தனை பேப்பரும் கொல்லைல குப்பை எரிக்கிற பீப்பாய்க்குள்ள போகும். தீக்குச்சியை நானே கிழிப்பேன்.”

வெல்மா வாய்ச்சவடால் பேசுகிறவள் அல்ல. சுவரில் மாட்டியிருந்த என் மான் தலை அந்தப் பீப்பாய்க்குத்தான் போனது. பதினோரு வருஷம், ஒரு தீக்குச்சி!

உடனே விக்கர்ஷாம் தொழிற்சாலையின் வரலாற்றுப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தேன். வரலாற்றுப் பிரிவு என்பது ஆல்ட்ரிச் என்ற ஒரே மனிதர். அவரே ‘காத்திருக்கவும்’ என்பார், அவரே அரை மணி கழித்து ‘ஹலோ’ என்பார்.

“ஏழாம் படிவம் போட்டீங்களா?”

“மூணு தடவை போட்டேன் சார். மூணு கடிதாசியிலயும் மூணு நம்பர் வந்திருக்கு. ஐந்நூறு, எழுநூத்தம்பது, நானூத்தி எண்பது.”

“மூணும் சரிதானே.”

“அது எப்படி சார்?”

“ஐந்நூறு விளம்பரப்படி. எழுநூத்தம்பது ஆர்டர்படி. நானூத்தி எண்பது அனுப்பினபடி.”

“செஞ்சபடி எத்தனை?”

“அந்தக் கேள்விக்குப் படிவம் கிடையாது.”

“பதிவேடுன்னு ஒண்ணு இருக்குமே சார்?”

“வெள்ளத்துல போயிடுச்சு.”

“உங்க ஃபாக்டரி மலை மேல இல்ல இருக்கு!”

“அதான் எங்களுக்கும் ஆச்சரியம்” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அடுத்து, எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் உற்பத்தி எண்ணிக்கை உறுதிப்படுத்தும் நிலைக்குழுவை அணுகினேன். நிலைக்குழுவின் தலைவர் எல்வுட் டாக்கெட். பிழைப்புக்குக் கழிவுநீர்த் தொட்டி விற்பவர். மற்ற நேரமெல்லாம் தலைவர். சங்கத்தில் உள்ள உரிமையாளர்கள் எல்லோருக்கும் ஒரு வினாத்தாள் அனுப்பினோம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மறுதபாலிலேயே பதில் அனுப்பினார்கள். உயரம், எடை, பெட்டியின் வாசனை, எல்லாம் விவரமாக எழுதியிருந்தார்கள். எண் என்ற கட்டத்தில் மட்டும் ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ்’ என்று போட்டிருந்தார்கள். கூடவே வந்த புகைப்படங்களில் எண் இருக்கும் இடத்தின் மேல் ஒரு கட்டைவிரல். ஒஹாயோவில் கட்டைவிரல்களைப் பற்றி யாருக்காவது ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் என்னிடம் வரலாம்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பெட்டிக்குள்ளேயே தொழிற்சாலையார் ஒரு சீட்டு வைத்திருந்தார்கள். ‘தங்கள் பாதுகாப்பு கருதி, தங்கள் எண்ணை எவரிடமும், குறிப்பாக ஏனைய உரிமையாளர்களிடம், வெளியிட வேண்டாம்.’ நாங்கள் சட்டத்தை மதிக்கிறோமோ இல்லையோ, சீட்டை மதிப்பவர்கள்.

எல்வுட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாப் பதிலையும் பரிசீலித்தார்.

“ஹார்லன், ஒரு விஷயம் கவனிச்சியா? இருநூத்திப் பன்னெண்டு துப்பாக்கிக்கும் ஒரே நம்பர்.”

“அது நம்பர் இல்ல எல்வுட், மறைச்சிருக்காங்க.”

“ஆவணத்துல என்ன இருக்கோ அதைத்தான்யா குழு பார்க்கும். ஒரே நம்பர்னா ஒரே துப்பாக்கி. மொத்த உற்பத்தி ஒண்ணுன்னு தீர்மானம் போட்டுடலாமா?”

“யோவ், ஒரே துப்பாக்கி எப்படிய்யா இருநூத்திப் பன்னெண்டு வீட்டுல இருக்கும்?”

“அதை ஆராயத் துணைக்குழு போடுவோம்.”

“துணைக்குழு வேண்டாம்யா. நீ உன் நம்பரைச் சொல்லு, அங்கேருந்து ஆரம்பிப்போம்.”

எல்வுட்டின் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்து போனது. “என் பெண்டாட்டிக்கே தெரியாதுய்யா அது. ஏன், நீ உன் நம்பரைச் சொல்லேன் பார்ப்போம்?”

“நான் ஆராய்ச்சியாளன். சொன்னா நடுநிலைமை கெட்டுடும்” என்றேன்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வெல்மா சொன்னாள்: “எங்க சர்ச்ல கோவாக் அம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க. விக்கர்ஷாம்ல முப்பது வருஷம் நம்பர் அடிக்கிற வேலை பார்த்தவங்க.”

“அடிப்பாவி! பதினோரு வருஷமா ஏன் சொல்லல?”

“நீ கம்பெனிக்கு எழுதின, சங்கத்துக்கு எழுதின. எங்கிட்ட எப்ப கேட்ட?”

ஓடினேன். டெல்ஃபின் கோவாக் அம்மாளுக்கு எண்பத்திரண்டு வயது, வீடு நாலு தெரு தள்ளி. வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியை ஒரு துண்டு வெட்டி என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து திறந்தார். உள்ளே எங்கள் ரிவால்வருக்கென்றே செய்த, எண் அடிக்கும் எஃகு அச்சுகள். இரண்டிலிருந்து ஒன்பது வரை புத்தம் புதுசாகப் பளபளத்தன. பூஜ்யமும் அப்படியே. ஒன்று மட்டும் இல்லை.

“ஒண்ணு எங்கம்மா?”

“தேஞ்சு போச்சு தம்பி. ஒத்தை அச்சு இல்ல, அஞ்சு ஒண்ணாம் நம்பர் அச்சு தேஞ்சுது.”

“எனக்குப் புரியலைம்மா.”

“விளம்பரம் வந்த அன்னைக்கே கடைக்காரங்க எல்லாம் போன் பண்ணிட்டாங்க. ‘எங்க வாடிக்கையாளர் பெரிய மனுஷன், அவருக்கு முதல் நம்பர்தான் வேணும்’னு. எங்க முதலாளி யாரு மனசையும் நோகடிக்க மாட்டாரு. ‘எல்லாத்துக்கும் ஒண்ணே அடிச்சிடு டெல்ஃபின்’னாரு. நான் வாரக்கூலிக்காரி. அடின்னா அடிச்சேன்.”

ரொட்டியைக் கீழே வைத்தேன். “எல்லாத்துக்குமா?”

“ஒரு பாதிரியார் மட்டும், எந்த நம்பரா இருந்தாலும் சரி, கடைசி நம்பரானாலும் போதும்னு எழுதியிருந்தாரு. பாவம், நல்ல மனுஷன். அவருக்கும் ஒண்ணுதான் அடிச்சேன்.”

“பெட்டிக்குள்ள அந்தச் சீட்டு?”

“பின்ன? ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்டா ஃபாக்டரியைக் கொளுத்திட மாட்டீங்க?”

“மொத்தம் எத்தனைம்மா அடிச்சிருப்பீங்க?”

“ஒரு அச்சு எண்ணூறு தாங்கும். கணக்குப் போட்டுக்கோ. நீ பள்ளிக்கூட பஸ் ஓட்டினவனாச்சே.”

நாலாயிரம். பதினோரு வருஷமாகத் தேடிய எண் கடைசியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்து வந்தது. சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால், இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும், என் ரிவால்வரும் ஒன்றாம் எண்தான். நாற்பது வருஷமாக அதை நினைத்து நினைத்து ஒவ்வொரு ராத்திரியும் சிரித்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் கூடியது. உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் மேடை ஏறினேன். எதிரே இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு முகத்திலும் எல்வுட்டின் அதே கள்ளச் சிரிப்பு. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் நான் பார்க்கும் சிரிப்பும் அதுதான். எழுதிவந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கடைசியில், கனத்த குரலில் இப்படி அறிவித்தேன்:

“நீண்ட ஆய்வின் முடிவில் கண்டறியப்பட்டது யாதெனில், மெய்யான முதல் எண் ரிவால்வர் உலகில் ஒன்றே ஒன்றுதான். அதன் உரிமையாளர் இந்த மண்டபத்தில் வீற்றிருக்கிறார். அன்னாரின் பாதுகாப்பு கருதிப் பெயர் வெளியிடப்படவில்லை.”

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு கைதட்டல் கூரையைப் பிளந்தது. புத்தகத்தை உடனே அச்சிடத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

முதலில் எல்வுட் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கண் கலங்கியிருந்தது. “எப்படிய்யா கண்டுபிடிச்ச? நான் யார்கிட்டயும் வாயே திறக்கலியே! மத்தவங்ககிட்ட சொல்லிடாத. பாவம், மனசு விட்டுடுவாங்க.” அவருக்குப் பின்னால் இன்னொருவர் அதே கேள்வியோடு காத்திருந்தார். அவருக்குப் பின்னால் வாசல்வரை வரிசை. எல்லோருக்கும் கை கொடுத்தேன், எல்லோருக்கும் கண்ணடித்தேன், யாரையும் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வெல்மா கேட்டாள். “நம்பர் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எத்தனை?”

“ஒண்ணு.”

“அப்பாடா” என்று மேஜையை ஒழிக்கக் கிளம்பிவிட்டாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்த வரிசையில் நின்றவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. நாலாயிரம் அடித்தாலும் கோவாக் அம்மாள் முதன்முதலில் ஒன்றை அடித்திருப்பார் அல்லவா? அச்சு புதிதாக இருக்கும்போது எண் ஆழமாக விழும், நேராக நிற்கும். நேற்று கதவைத் தாழ் போட்டுவிட்டு, பூதக்கண்ணாடி வைத்து என்னுடையதைப் பார்த்தேன். எவ்வளவு ஆழம்! எவ்வளவு நேர்! அந்த அப்பாவிகளிடம் இதை எப்படிச் சொல்வது?