ஒன்பது இங்கிலீஷ் வாக்கியமும் ஒரு ஓட்டல் ரூமும்

எப்பாடு பட்டாவது அருணாவை இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஊருக்குத் திருப்பிக் கூட்டிக்கினு போயிடணும். இது பத்து நாளைக்கு முன்னாடியே நான் எடுத்த முடிவு.

அருணா என் சம்சாரம். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு, திண்டிவனத்துல வாக்கப்பட்ட எங்க பொண்ணு புனிதா, விழுப்புரத்துல பெரிய ஏசி ஓட்டலா பாத்து ரெண்டு நாளைக்கு ரூம் போட்டுட்டா. "அம்மா அடுப்பு பக்கமே போகக்கூடாதுப்பா" ன்னு உத்தரவு வேற. நல்ல பொண்ணுதான். ஆனா எங்க ஊரு கண்டாச்சிபுரத்துல ரெண்டு ஏக்கர் மல்லாட்டையை, அதாங்க வேர்க்கடலையைப் புடுங்கி, ஆஞ்சு, களத்துல காயப்போட்டிருக்கேன். வானமோ இருட்டிக்கினு நிக்குது. என் தம்பி கோபி பாத்துக்குவான்னு அருணா சொல்றா. அவன் என்னைக்கு எதைப் பாத்தான்?

சரி, வா போயிடலாம்னு அவகிட்ட நேரா சொல்ல முடியுமா? "இருபத்தஞ்சு வருஷத்துல மத்தவங்க போட்டுக் குடுத்த காபியை நான் உக்காந்து குடிச்சிருக்கேனா?" ன்னு கேப்பா. நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். குடிச்சதில்ல.

அப்ப தப்பு என்னுது இல்ல, ஓட்டலோடதுன்னு ஆகணும். வாய் ஓயாம குறை சொன்னா மேனேஜரே கடுப்பாயி, கெளம்புங்கய்யான்னு சொல்லிடுவாரு. தமிழ்ல சொன்னா அருணாவுக்குப் புரிஞ்சிடும். அதனால பஸ் ஸ்டாண்டுல ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் வாங்கி, 'விடுதியில் குறை கூற' ங்கிற பாடத்துல இருந்த ஒன்பது வாக்கியத்தையும் கிணத்தாண்ட நின்னுக்கினு பத்து நாளா நெட்டுரு போட்டேன்.

ரூமுக்குள்ள போனதும் அருணா கட்டில்ல உக்காந்து ஒரு குதி குதிச்சா.

"ஏங்க, மெத்தை எப்பிடி அமுங்குது பாருங்க!"

நான் ஜன்னலாண்ட இருந்தேன். மேற்கால மேகம்.

"சித்த உக்காருங்களேன். எத்தினி வாட்டி ஜன்னலைப் பாப்பீங்க?"

போன் பண்ணேன். மேனேஜர் சகாயராஜ் கழுத்துல டையோட வந்து நின்னாரு. தொண்டையைச் செருமிக்கினு ஆரம்பிச்சேன்.

"எக்ஸ்கியூஸ் மீ. தி ஏசி இஸ் நாட் ஒர்க்கிங்."

சொல்லும்போதே எனக்குக் குளுர்ல பல்லு தந்தியடிச்சுது. மேனேஜர் ஏசியைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"வெரி சாரி சார்" ன்னுட்டு, சோபா போட்ட பெரிய ரூமுக்கு மாத்திட்டாரு.

"அவர்கிட்ட என்னங்க சொன்னீங்க?"

"சும்மா, நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன்."

"தங்கமான மனுஷன். அதுக்கே சோபா குடுக்குறாரே!"

வுடுவனா நான்? அரை மணி நேரத்துல மறுபடியும் கூப்பிட்டேன். "தி பீப்பிள் இன் தி நெக்ஸ்ட் ரூம் ஆர் வெரி நாய்ஸி!" பக்கத்து ரூம் பூட்டிக் கெடக்குது. மேனேஜர் அந்தப் பூட்டைப் பாத்தாரு. "வெரி சாரி சார்." இந்த வாட்டி மேல்மாடி. பால்கனி. ஒரு கூடை நெறைய பழம். அய்யோ, பால்கனியில நின்னா மேகம் இன்னும் நல்லாத் தெரியுது!

இதுல மேனேஜர் காபி வேற அனுப்பி வெச்சாரு. அருணா சம்மணம் போட்டு உக்காந்து, ஊதி ஊதிக் குடிச்சா. அதைப் பாத்து எனக்கே மனசு எளகிப் போச்சு. பாவி, இத்தினி வருஷமா இவளை ஒரு நாளு உக்கார வெச்சோமான்னு தோணுச்சு. அதுக்குள்ள இடி இடிச்சுது. எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்குமா நாலு நடை நடந்தேன். தாங்கல. ஒரே ஓட்டமா கீழ எறங்கி ஓடினேன். லிப்டுக்குக் கூட நிக்கல.

மத்ததை வுட்டுட்டு நேரா கடைசி வாக்கியம். மேனேஜர் மேஜையில ஒரு தட்டு தட்டினேன்.

"வீ ஆர் லீவிங் திஸ் ஓட்டல் ரைட் நவ்!"

மேனேஜர் சிரிச்சாரு. "உக்காருங்க சார். அக்கா இப்பத்தான் மேலருந்து போன் பண்ணாங்க. மல்லாட்டையை உங்க தம்பி காலையிலயே வாரிக் குமிச்சு, தார்ப்பாய் போட்டு மூடிட்டாராம். போட்டோ கூட வந்துடுச்சாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"அவளுக்கு எப்பிடி..."

"பத்து நாளா கிணத்தாண்ட நின்னுக்கினு ஏசி ஒர்க் பண்ணலன்னு சொல்லிக்கினே இருந்தீங்களாமே! நம்ம வூட்ல ஏசியே இல்லியேன்னு அக்காவுக்கு சந்தேகம் வந்து, பொண்ணைக் கேட்டிருக்காங்க. அவங்க நேத்தே எங்களுக்குப் போன் பண்ணிட்டாங்க சார். அப்பா என்ன குறை சொன்னாலும் சாரி சொல்லிட்டு ரூமை மட்டும் பெருசாக்கிக்கினே போங்கன்னு."

நான் மாடிப்படி பக்கம் திரும்பினேன்.

"ஆனா சார், இப்ப அக்காவே ஒரு குறை சொல்லியிருக்காங்க."

எனக்கு உசுரு வந்துச்சு. "அப்பிடிப் போடு! என்ன குறை? ஜல்தி சொல்லுங்க!"

"கூட இருக்கிறவரு ஒரு எடத்துல உக்காராம நடந்துக்கினே இருக்காராம். ஒரு வாய் காபி நிம்மதியாக் குடிக்க முடியலியாம்."

"அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

மேனேஜர் ஒரு சாவியை எடுத்து என் கையில வெச்சாரு.

"வெரி சாரி சார். உங்களை மட்டும் வேற ரூமுக்கு மாத்திட்டோம்."