பளபளவென்று கழுவிய லாரி இன்ஜின்

அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இதை ஒரு நல்ல குணம் என்று ரொம்ப காலம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரியைக் காயலான் கடைக்கு அனுப்பிய பிறகுதான் இது குணமில்லை, வியாதி என்று புரிந்தது.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் விஜயாதான் எழுதுகிறாள். என் பேச்சுக்கு எண்ணெய் தடவித் தலை சீவி, ஸ்கூலுக்கு அனுப்புகிற பிள்ளை மாதிரி ஆக்கிவிடுகிறாள். மற்றவர்கள் பேசியதையாவது பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.)

என் வீட்டுக்காரர் சொந்த லாரி ஓட்டியவர். விருத்தாசலத்து பீங்கான் கம்பெனிகளுக்குக் களிமண் லோடு கொண்டுவந்து போடுவார், திரும்பும்போது பொம்மைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போவார். முட்டி தேய்ந்து போனதும் ஓட்டுவதை விட்டார். அவர் விட்ட கொஞ்ச நாளில் இன்ஜினும் விட்டது. லாரி எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

ஆனால் அவர் லாரியை விடவில்லை. வீட்டுப் படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்று முனகுகிற மனுஷன், கேபினுக்கு மட்டும் குரங்கு மாதிரி ஏறிவிடுவார். மத்தியானம் சாப்பிட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ரேடியோ, தூக்கம், யோசனை எல்லாம் அங்கேதான். என் மேல் கோபம் வந்தாலும் அங்கேதான் போவார். எங்களுக்கெல்லாம் வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலை இருந்தது. அவருக்கு அந்தக் கேபின்.

மகன் சேகருக்கு வாசலில் ஒரு ரூம் கட்ட வேண்டும். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஒரே ரூமில் அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு எத்தனை காலம் நெருக்கிக்கொண்டு கிடப்பான்?

"யப்பா, ஓடாத லாரிய வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போற? காயலான் கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"யாருடா ஓடாதுன்னது? பிரிச்சி மாட்டுனா ஓடும்."

"யாரு பிரிக்கிறது? மெக்கானிக்கு எல்லாம் கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிட்டாங்க."

"நாந்தான் பிரிப்பேன். முப்பது வருசம் அது மேலதானடா உக்காந்திருந்தேன்!"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "முப்பது வருசமா நானுந்தான் உங்களோட இருக்கேன். உங்க வயித்துக்குள்ள எது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமா?" என்றேன்.

சேகர் சிரித்துவிட்டான். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தான். "ஆயுத பூஜை அன்னைக்கு வண்டி ஸ்டார்ட் ஆவட்டும், நான் ரூம்பு பேச்சையே எடுக்க மாட்டேன். ஆவலன்னா மறுநாள் கெளம்பிடணும்." அவர் சரி என்று தலையாட்டினார். தலையாட்டிய கையோடு கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாரி போனால் இந்த மனுஷன் எங்கே போய் உட்காருவார்?

வேலை ஆரம்பித்தோம். ஆரம்பித்தோம் என்றால், அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். அவரால் குனிய முடியாது, எனக்கு ஸ்பேனர் நம்பர் தெரியாது. "அந்தப் பெருசு இல்ல, அதுக்குத் தம்பி" என்பார். எடுத்துக் கொடுப்பேன். பேத்தியின் போனில் ஒரு ஆள் இந்தியில் பேசிக்கொண்டே இன்ஜின் பிரிப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே பார்ப்போம். முக்கியமான இடம் வரும்போதெல்லாம் அந்த ஆள் முதுகைக் காட்டிவிடுவார்.

சாக்கை விரித்து லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து நான்தான் நட்டுகளைக் கழற்றினேன். கம்மாபுரத்திலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அண்ணி மேல வண்டி ஏறிடுச்சே!" என்று அலறினார். நான் உள்ளேயிருந்தே, "வாங்க அண்ணி, டீ சாப்டுறீங்களா?" என்று கேட்டதில் பாதி உயிர் போய்விட்டது அவருக்கு.

பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி சின்னதாகப் பொம்மைப் பட்டறை வைத்திருப்பவர். அவரும் அவர் ஆட்களும் வந்து மேல்மூடியைத் தூக்கிக் கொடுத்தார்கள். உள்ளே ஆறு பிஸ்டன், ஆறு ராடு. ஒவ்வொரு ராடின் கீழேயும் பெரிய தண்டைக் கவ்விப் பிடிக்க, பாதி வளையல் மாதிரி ஒரு மூடி. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் வாங்கி, சாக்பீஸால் நம்பர் போட்டு, தார்ப்பாயில் வரிசையாக அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். எல்லாம் ஒரே கரி. பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது.

அந்த நேரம் பார்த்துத் திட்டக்குடியில் ஒரு துக்கம். "போயிட்டு வரேன், எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். எதையும் தொடாதே என்று சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்வேன்?

என் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமான நாள் முதல் பொம்மைப் பட்டறையில் வேலை பார்த்தவள் நான். அங்கே அச்சில் வார்த்து எடுத்ததும் தலையெல்லாம் ஒரு பலகை, கையெல்லாம் ஒரு பலகை, உடம்பெல்லாம் ஒரு பலகை. ஒரே அச்சு என்பதால் எந்தத் தலையை எந்த உடம்புக்கு ஒட்டினாலும் சரியாக உட்காரும். அப்புறம் பளபளப்புக்காகக் கிளேஸ் தண்ணீரில் முக்குவதற்கு முன்னால் தூசி, கோடு, விரல் பட்ட தடம் எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கிளேஸ் பிடிக்காது, மேஸ்திரி வாயில் விழ வேண்டும். இந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறியது. (விஜயா சிரிக்கிறாள். இவள் அஞ்சறைப் பெட்டியையும் நான்தான் தினமும் துடைத்து வைக்கிறேன்.)

மழை வருவதற்குள் எல்லாவற்றையும் வாரி உள்ளே கொண்டுபோனேன். கொண்டுபோனதுதான் கொண்டுபோனோம், கழுவியும் வைப்போமே என்று தோன்றியது. டீசலில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். சாக்பீஸ் கோடு ஒன்றுகூட விடாமல் துடைத்தேன். பிஸ்டனெல்லாம் அன்னக்கூடையில், ராடெல்லாம் முறத்தில், பாதி வளையலெல்லாம் இட்லிக் குண்டானில். எல்லாம் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. பொழுது சாய அவர் வந்ததும் விளக்கைப் போட்டு, "எப்பிடி இருக்குது பாருங்க!" என்று காட்டினேன்.

பார்த்தார். சொம்பை எடுத்துத் தண்ணீரைக் கடைசி சொட்டு வரை குடித்தார்.

"அஞ்சல, எது எதுக்கு ஜோடி?"

"எல்லாம் ஒரே அச்சுதானங்க?"

"அது பொம்ம இல்ல புள்ள. ஓடி ஓடி ஒவ்வொரு மூடியும் அதது ராடோட சேந்து தேஞ்சிருக்கும். வேற ராடுக்குப் போட்டா ஒக்காராது."

"நம்பரு போட்டீங்களே..."

"அதத்தான் நீ கழுவிட்டியே!"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இட்லிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு கேபினுக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்த நாட்களெல்லாம் கல்யாணத் தரகர் வேலைதான் எங்களுக்கு. இந்த மூடியை அந்த ராடோடு வைத்துப் பார்ப்போம், தடவிப் பார்ப்போம், சண்டை போடுவோம். "இதுக்கும் அதுக்கும் மொகச்சாடை ஒத்துப் போவுதுங்க" என்பேன் நான். "மொகச்சாடைய வச்சா கல்யாணம் பண்ணுவாங்க? பொருத்தம் பாரு" என்பார் அவர். ஆறு ஜோடியையும் எப்படியோ சேர்த்து வைத்து மாட்டினோம். கம்பியைப் போட்டுச் சுற்றினால் தண்டு அசையவே இல்லை. மூடி போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். தளர்த்தினேன். அசைந்தது. எங்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு பேரும் ஜிலேபி வாங்கிச் சாப்பிட்டோம். அவருக்குச் சர்க்கரை இருப்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை.

ஆயுத பூஜை அன்று தெருவே வந்துவிட்டது, சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். லாரிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் தயார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டி நகர்ந்து பழத்தை நசுக்கினால் திருஷ்டி போகும். அவர் வெள்ளை வேட்டி கட்டி, முடிக்கெல்லாம் எண்ணெய் தடவி, கேபினில் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். சேகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு இருமல் இருமியது. இன்னொரு இருமல். அப்புறம் கடகடவென்று பிடித்துக்கொண்டதே பாருங்கள்! கூட்டம் கை தட்டியது. நான் குலவையே போட்டுவிட்டேன். குலவை முடிவதற்குள் உள்ளேயிருந்து அம்மிக்கல்லை உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். "டமால்" என்று இன்ஜின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து, ஒரு ராடு எட்டிப் பார்த்தது. கறுப்பு எண்ணெய் பீய்ச்சி அடித்தது. கலியமூர்த்தி வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைப் பொம்மைகள் மேல் முழுசாகக் கரி அபிஷேகம். எலுமிச்சம்பழம் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி உருண்டையாக இருந்தது.

"என் பொம்மையெல்லாம் போச்சே!" என்று கலியமூர்த்தி தலையில் கை வைத்தார்.

"சூளையில வச்சா கரி எரிஞ்சிடும், வாய மூடுங்க அண்ணே" என்றேன். (எரிந்தும் போயிற்று. அவருக்கு ஒரு பொம்மை நஷ்டமில்லை.)

என் வீட்டுக்காரர் கேபினில் இருந்தபடியே மெதுவாகச் சொன்னார். "நாந்தாம்பா போல்ட்ட சரியா முறுக்கல. என் தப்பு."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றாரு! நாந்தான் எல்லாத்தயும் கழுவி, இட்லிக் குண்டானுல போட்டுக் கலந்துட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். சம்பந்தியம்மாதான் முதலில் சிரித்தார். சிரிப்பு அடுத்த தெரு வரைக்கும் போனது.

மறுநாள் காலையில் காயலான் கடைக்காரர் கேஸ் கட்டரோடு வந்துவிட்டார். இவர் கேபினை விட்டு இறங்கவில்லை.

"எறங்குப்பா, ஆளுங்க நிக்கிறாங்க" என்றான் சேகர்.

"எறங்குறேன், எறங்குறேன்" என்றார். ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். சேகர் மறுபடி கூப்பிடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை, ரூமும் வேண்டும்.

நான் காயலான் கடைக்காரரிடம் போனேன். "தம்பி, இவரு ஒக்காந்திருக்குற இந்த ரூம்ப மட்டும் வெட்டி, அந்தச் செவுத்தோரம் எறக்கி வச்சிட்டு, மீதிய எடுத்துக்கிட்டுப் போவ முடியுமா?"

"அம்மா! ஊரு சிரிக்கும்மா" என்றான் சேகர்.

"அதெல்லாம் நேத்தே சிரிச்சி முடிச்சிட்டாங்கடா."

சேகர் அவன் அப்பாவைப் பார்த்தான். காலால் தரையில் கோடு போட்டு, ரூமுக்கு எவ்வளவு, கேபினுக்கு எவ்வளவு என்று அளந்து பார்த்தான். "ஜன்னல அந்தப் பக்கம் வச்சிக்கலாம்" என்றான்.

இப்போது ரூம் கட்டியாகிவிட்டது. அதை ஒட்டி, செங்கல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது கேபின். வீட்டில் மிக்ஸி ரிப்பேர், ஃபேன் ரிப்பேர் என்றால் சேகர் ஸ்குரூ டிரைவரை எடுக்கிறதுக்கு முன்னால், "மொதல்ல அம்மாவ கோயிலுக்கு அனுப்புங்க" என்கிறான். பேத்தி கணக்கைத் தப்பாகப் போட்டால், "ஆயா கழுவி வச்சிருக்குது" என்கிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். சிரிக்காமல் என்ன செய்வது, உண்மைதானே?

அந்த லாரி ஓடிய காலத்தில் அவர் என்னை ஒரு நாள்கூட அதில் ஏற்றியதில்லை. லோடு வண்டியில் பொம்பளைக்கு என்ன வேலை என்பார். போன மாதம் டீ கொடுக்கப் போனேன். கிளீனர் சீட்டில் கிடந்த துண்டை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, "ஏறி ஒக்காரு" என்றார். ஏறினேன். சீட்டு நான் நினைத்ததைவிட உயரம். கண்ணாடி வழியாகக் கலியமூர்த்தியின் பொம்மைகள் வரிசையாக வெயிலில் காய்வது தெரிந்தது. கண்ணாடி முழுக்கத் தூசி. முந்தானையைக் கையில் எடுத்தேன்.

"கைய எடு" என்றார்.

எடுத்துவிட்டேன்.