என் பெயரில் போன இரத்தம்

ஜெயபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகள் பிரியந்தினிக்கு,

உன் அம்மாவின் அண்ணன் பழனியாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமி கமலேஸ்வரியும் நலம், வவுனியா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நீயும் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறோம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நான் நலமில்லை என்று கையெழுத்து வைத்துக் கடிதம் அனுப்பியவளே நீ என்பதால், அந்த வரியை எப்படி எழுதுவது என்று பேனாவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். கடைசியில் எழுதிவிட்டேன். நீ நம்பலாம், நான் நலம்தான். இப்போது சிக்கலே அதுதான்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் மாமியின் கையில் இருக்கிறது, அதைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, சத்தமாகப் போட்டால்தான் கேட்கும். போன முறை நீ பேசியதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சின்னராசாவும் சேர்ந்துதான் கேட்டார். "மாமா, உங்களுக்குப் புற்றுநோய் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. ரத்தத்தில சில புரதங்கள் கூடியிருக்கு, அவ்வளவுதான். கூடியிருக்கிற எல்லாருக்கும் நோய் வருத்தம் இருக்கிறேல்ல. ஆனா சுவாசப்பையில ஏதும் இருந்தா, இருமல் வர முந்தியே, எக்ஸ்ரேயில தெரிய முந்தியே ரத்தம் சிலநேரம் காட்டிக் குடுக்கும். அதுக்குத்தான் ஸ்கான். வேளைக்குப் பிடிச்சா மாத்திச் சுகப்படுத்தலாம்" என்று எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். இவ்வளவிலும் சின்னராசாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். அன்று பின்னேரம் பூநகரி பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் என் சுவாசப்பையைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தார்களாம்.

உன் கடிதம் வந்து இன்றோடு பதினெட்டு நாள். என்னைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பால்மா டின்களையும் பிஸ்கற் பெட்டிகளையும் வைக்க அலுமாரியில் இடமில்லை. சின்னராசா வந்து கதிரையில் இருந்து என் முகத்தை ஒரு தரம் வடிவாகப் பார்த்துவிட்டு, போகும்போது நான் போன போகத்தில் இரவல் வாங்கிய மருந்தடிக்கிற மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பிறகு உங்கட ஆக்களிட்ட வந்து கேக்கிறது வடிவில்லைத்தானே அண்ணை" என்றார். கமக்காரர் அமைப்பின் தலைவர் பதினொரு வருடமாக என் வயலுக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் விடுகிறவர், அவர் தானே படலையைத் திறந்துகொண்டு வந்து, இந்த முறை முதல் தண்ணீர் எனக்குத்தான் என்றார். கடைக்காரி பிரேமிளா பீடிக்கட்டை எடுத்து ஒளித்துவிட்டு எனக்கு ஒரு இனிப்பு ரொபியை நீட்டினாள். எவனிடம் கேட்டாலும் ஒரு பீடி கிடையாது, ஆகவே நான் பதினெட்டு நாளாகப் பீடி குடிக்காத மனிதன். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். உன் மாமி மட்டும் அழவில்லை. முருங்கையிலைக் கஞ்சியைக் காய்ச்சி வைத்துவிட்டுத் தன் பாட்டில் வேலையைப் பார்க்கிறாள். கல்யாணம் கட்டி முப்பத்தெட்டு வருடம், இரண்டு சொட்டாவது விட்டிருக்கலாம் என்று எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சோதித்த இரத்தம் என்னுடையது இல்லை.

பீடி, சிகரெட் குடிக்கிறவர்களின் இரத்தத்தைச் சோதிக்க உங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்த அன்று, முதல் மேசையில் பெயர், வயது, எத்தனை வருடமாகப் பீடி, நாளுக்கு எத்தனை, எழும்பியவுடனா சாப்பிட்ட பிறகா என்று விசாரித்து எழுதிவிட்டு, நூற்றுப் பதினேழு என்று ஒரு நம்பர் துண்டு தந்தார்கள். ஊசி இரண்டாவது மேசையில். இடையில் ஒன்றரை மணித்தியாலம் காத்திருப்பு. பீடியைப் பற்றி ஒரு மனிதனிடம் அவ்வளவு கேள்வி கேட்டால் அவனுக்கு ஒன்று பற்ற வைக்க வேண்டும் போலத்தான் இருக்கும். நாளுக்கு இரண்டாகக் குறைத்துவிட்டேன் என்று உன் மாமியிடம் சொல்லியிருந்தேன், அன்றைய இரண்டும் காலையிலேயே முடிந்துவிட்டது, அவளோ மண்டபத்துக்குள்ளேயே இருந்தாள். ஆகவே துண்டை என் கூட்டாளி மூக்கனிடம் கொடுத்து, "கூப்பிட்டா நீ போ" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூக்கன் வாசலில் நின்று, "அலுவல் முடிஞ்சுது, வா போவம்" என்றான். நானும் வந்துவிட்டேன்.

இது என்ன பைத்தியக்கார வேலை என்று உனக்குக் கோபம் வரும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது, உனக்கு நினைவிருக்காது. சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த நாளில் தண்ணீருக்கு ஒரு வரிசை, மாவுக்கு ஒரு வரிசை, குளிக்க ஒரு வரிசை. ஒருவன் எல்லாவற்றிலும் நிற்க முடியாது. நிவாரண அட்டை யார் கையில் இருக்கிறதோ அவன்தான் அந்த ஆள். மூக்கன் எத்தனையோ நாள் பழனியாண்டியாக நின்றிருக்கிறான், நானும் மூக்கனாக நின்று பருப்பு வாங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் செய்ததுதான். இரத்தம் பருப்பு மாதிரி இல்லை என்பது, உன் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

மூக்கன் வாழ்நாளில் ஒரு பீடி குடித்தவனில்லை. வருத்தம் இருக்கக்கூடியது அவனுக்கு, மா டின் வந்தது எனக்கு. மூன்று தரம் சொல்லப் போனேன். முதல் தரம் அவன் கிணற்றடியில் தண்ணீர் மெஷின் திருத்திக்கொண்டிருந்தான், என்னைக் கண்டதும், "உனக்கென்ன விசரே, இந்த வெயிலுக்குள்ள திரியிறாய்" என்று சத்தம் போட்டு, சைக்கிளில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டான். இரண்டாம் தரம் போனபோது தலை மொட்டை. எனக்குச் சுகமாக வேண்டும் என்று நேர்த்தி வைத்து மழித்திருக்கிறான். தன் வருத்தத்துக்குத் தானே மொட்டை போட்டுக்கொண்டு அதை எனக்காக என்று நினைக்கிற மனிதனிடம் நான் எந்த வாயால் சொல்வேன்? மூன்றாம் தரம் நான் வாயைத் திறக்க முன்பே, "ஸ்கானுக்கு நானும் வாறன் மச்சான், நீ ஒண்டுக்கும் யோசிக்காத" என்றான். நான் அழுதுவிட்டேன். நான் சாவுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து அவனும் அழுதான். அவன் இல்லாத ஊரில் நான் எப்படி இருப்பேன் என்றுதான் அழுதேன் பிள்ளை. அதற்குப் பிறகும் முதல் தண்ணீரை வாங்கி வயலுக்குக் கட்டினேன். என் குணம் அப்படி, எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே உன்னிடம் இரண்டு உதவி கேட்கிறேன். ஒன்று, அடுத்த கிழமை வியாழக்கிழமை என்று எனக்கு ஸ்கான் திகதி தந்திருக்கிறாய், அதை ஒரு மாதம் தள்ளிப் போடு. அதற்குள் எப்படியும் அவனிடம் சொல்லிவிடுவேன். சொல்ல முடியாமல் போனால், அன்று அவனும் என்னோடு வரத்தான் போகிறான், வந்த இடத்தில் துணைக்கு வந்தவர்களுக்கும் சும்மா ஒரு படம் எடுக்கிறார்கள் என்று ஏதாவது சொல்லி அவனைப் படுக்க வைக்க முடியுமா என்று பார். இரண்டாவது, என் இரத்தம் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது, நாற்பது வருடப் புகையோடு, ஒருவரும் பார்க்கவில்லை. மற்றவனின் இரத்தத்துக்கு இத்தனை நாள் மரியாதை வாங்கிவிட்டு என்னுடையதைக் காட்டப் பயப்படுவது சரியில்லை. எனக்கும் ஒரு ஊசி போட ஒழுங்கு செய். இந்த முறை நானே வருவேன்.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் இருக்காதே, ஒரே தூசி. பிள்ளையார் உனக்குக் குறையில்லாத வாழ்வு தரட்டும். இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் மாமா
ச. பழனியாண்டி

பி.கு: கடிதத்தை ஒட்டித் தபால் கந்தோருக்குக் கொண்டுபோன நான், பாதி வழியில் மூக்கன் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். எழுதி முடித்ததில் ஒரு தைரியம் வந்திருந்தது. எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் மொட்டைத் தலையைத் ஒரு தரம் தடவிப் பார்த்தான். பிறகு, "மச்சான், நான் குத்தவே இல்லையடா. ஊசியக் கண்டா எனக்குத் தலை சுத்தும். உன்ர மனிசியிட்டத்தான் துண்டைக் குடுத்தனான். அவா போய்க் குத்திப்போட்டு வந்தவா" என்றான்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. உன் மாமி குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கேட்டேன். "ஓம், நான்தான் குத்தினனான். பீடி குடிக்கிற ஆக்களைத்தான் பாக்கினம், எங்களை ஆர் பாக்கினம்? துண்டு கையில வந்திது, போய்க் குத்திப்போட்டு வந்தன். ஊசி போட்ட பிள்ளை நம்பரைப் பாத்திச்சே தவிர என்ர முகத்தைப் பாக்கேல்ல" என்றாள். கடிதம் வந்த அன்றே தெரியாதா என்றேன். "தெரியும். ஸ்கானுக்கு நானும் உங்களோட வாறன்தானே, அங்க வைச்சு டொக்டரிட்டச் சொல்லுவம் எண்டு இருந்தனான். இஞ்ச சொன்னா நீங்கள் அடுத்த நிமிசம் பீடிக்கு ஓடிப்போடுவியள். முப்பத்தெட்டு வருசமாச் சொல்லியும் விடாததை இப்பதான் விட்டனீங்கள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே எண்டு பாத்தன்."

பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. மூக்கனை ஏமாற்ற வேண்டாம். தபாலில் போட்டால் கடிதம் போய்ச் சேர நாளாகும், அதனால் ஒட்டியதைப் பிரித்து இதையும் எழுதி, வவுனியா பஸ் கொண்டக்டர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். நூற்றுப் பதினேழில் என் பெயரை வெட்டிவிட்டுக் கமலேஸ்வரி என்று எழுது. வயது ஐம்பத்தெட்டு. பீடி இல்லை, நாற்பது வருடம் விறகடுப்பு. திகதியைத் தள்ளச் சொன்னேன் அல்லவா, தள்ளாதே. வியாழனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நாள் கிடைக்குமா என்று கேள். பெரிய டொக்டரிடம் கெஞ்சிக் கேள்.