ரயில்வே கேட்டில் வழிவிடாத விவகாரம்

விருத்தாசலம்
9-7-1973

மரியாதைக்குரிய மச்சான் தங்கதுரை அவர்களுக்கு, பாலகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் காரும் சுகம். அங்கு தாங்களும், கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் என் மனைவி நீலாவதியும் சுகம்தானே?

அவள் சொன்னதை மட்டும் கேட்டிருப்பீர்கள். நடந்தது இதுதான். ரயில்வே கேட் திறந்ததும் என் காரும் எதிரே உங்கள் ஊர் திட்டக்குடிக்குப் போகும் பஸ்ஸும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. பின்னால் நகர எனக்கு இடம் இருந்தது, மனம் இல்லை. பஸ் டிரைவர் விருத்தகிரி தலையை நீட்டி, "யோவ், காரு உன்னுது, சரி. ரோடும் உன்னுதா?" என்றான். நான் இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நீலாவதி இறங்கினாள். "நீங்க இங்கயே குடித்தனம் பண்ணுங்க. நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன்" என்று அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இப்போது வழிவிட்டால் மனைவி போய்விடுவாள். விடாவிட்டால் மானம் நிற்கும், ஆனால் அவளும் எதிரே பஸ்ஸில் முறைத்துக்கொண்டே இருப்பாள். முக்கால் மணி நேரம் யோசித்தேன். கடைசியில் பயணிகளே இறங்கி என் காரை ஓரம் தள்ளினார்கள். தள்ளியவர்களில் நீலாவதியும் ஒருத்தி.

விடுவேனா? மறுநாள் அந்த டிரைவர்மேல் சாமியிடம் நியாயம் கேட்டுப் பிராது எழுதி, சந்நிதி வேலில் கட்ட, நாலு தாளோடு மணவாளநல்லூர் கோயிலுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் படித்துப் பார்த்தார். "ஐயா, டிரைவரு பேரு ஒரு எடத்துலதான் வருது. மிச்சமெல்லாம் மச்சான் வூட்டுக் கண்ணாலத்துல ரெண்டாம் பந்தில ஒக்கார வச்சது, மானேஜரு புரமோஷன் குடுக்காதது... சாமி யாரத்தாங்க புடிக்கும்?" என்றார்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், மச்சான். பதினெட்டு வருஷம் பீங்கான் தொழிற்சாலையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்துவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் எல்லார் மேலும் ஹாரன் அடித்திருக்கிறேன். டாக்டரிடமும் போனேன். "ரத்தக்கொதிப்புக்கு மாத்திர இருக்குது. மனசுக் கொதிப்ப யாருகிட்டயாவது பேசித் தீத்துக்குங்க, ரோட்டுல தீக்காதீங்க" என்றார். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன். இனி கோபம் கிடையாது, இது உறுதி. எவன் முந்தினாலும் கும்பிட்டு வழிவிடுவேன். வெள்ளிக்கிழமை நீலாவதியை அனுப்பிவையுங்கள். வீட்டில் என்னைத் திட்ட ஆளில்லாமல் சோறு இறங்கவில்லை.

தங்கள் மனைவியாருக்கு வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரட்டும்.

இப்படிக்கு,
பாலகிருஷ்ணன்

பி.கு.: அவளை பஸ்ஸில் அனுப்ப வேண்டாம். நானே காரில் வந்து அழைத்துக்கொள்கிறேன். காலை எட்டு மணி பஸ்ஸை விருத்தகிரிதான் ஓட்டுகிறானாம். நானும் எட்டுக்குத்தான் புறப்படுகிறேன், மாத்திரை போட்டுக்கொண்டு. திட்டக்குடிக்குள் யார் முதலில் நுழைகிறார்கள் என்று நீலாவதியைக் கடைத்தெருவில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.