மூக்குக் கங்காணியும் எங்கள் காரின் பிரேக்கும்

எங்கள் தோட்டத்தில் மூக்குக் கங்காணிக்குத் தெரியாமல் ஒரு நெத்தலிக் கருவாடுகூடப் பொரிக்க முடியாது. லயத்து வரிசையின் கடைசி வீட்டில் சட்டி காய்ந்தால், முதல் வீட்டு வாசலில் நின்றுகொண்டு "உப்பு கூடிப்போச்சு" என்பார்.

உண்மையில் அவர் கங்காணியே இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்தவர். அரைத்த கொழுந்து பதமாகிவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். இவர் குனிந்து மூக்கை வைப்பார். வேலை முடிந்து வீட்டோடு இருந்ததும், மோந்து பார்க்கத் தேயிலை இல்லாமல் எங்களை மோந்து பார்க்கத் தொடங்கினார்.

என் மகன் செல்வம் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். மருமகள் கலாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பலாங்கொடை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். றக்வான மலைப்பாதையில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் மேகம். வளைவுக்கு வளைவு அந்தக் கார் பன்றி போலக் கத்தியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை கங்காணி வந்தார். கார்ச் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து மூச்சை இழுத்தார்.

"செல்வம், பிரேக் கருகுதுடா. இரும்பு இரும்ப உரசுது."

"மூக்குல எக்ஸ்ரே வச்சிருக்கீங்களா மாமா?"

சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் பேட் தேய்ந்து தகடுதான் மிச்சம். அது பிடிக்கும் டிஸ்க்கிலும் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். இரண்டையும் மாற்ற வேண்டும். செல்வத்துக்குக் கைத்தொலைபேசிதான் வாத்தியார்; அதைப் பார்த்துத் தானே மாட்டிவிடுவதாகச் சொன்னான். எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுநாள் பழைய டிஸ்க்கை மாவுப் பையில் போட்டுக்கொண்டு றக்வான உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். குழந்தைக்குத் துணி வாங்கும் சாக்கில் நானும் போய் மூலையில் நின்றேன். முதலாளி மூன்று விதமான பேட் எடுத்து வைத்தார். கங்காணி முதல் ஜோடியை மோந்தார்.

"இது வேகாத சரக்கு. சூடு பட்டா புகையும்."

"அனே மாமே, மேக்க தே கொள நெவெய்!" தேயிலை இல்லை இது என்று சிங்களத்தில் சொல்லி முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் கங்காணி மூன்றாவதை மோந்து தலையாட்டியதும், அவரது சிரிப்பு நின்றது. மலைக்கு ஏற்றது அதுதானாம்.

கட்டும்போது முதலாளி சொன்னார்: "புது டிஸ்க்ல பூசியிருக்கிற எண்ணெய நல்லா கழுவிட்டு மாட்டுங்க. பொறகு சொட்டு எண்ணெய் படக்கூடாது." அப்போது செல்வம் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தான். கங்காணி ஒரு டயரை மோந்துகொண்டிருந்தார். கேட்டது நான் மட்டும்தான்.

புதன்கிழமை செல்வம் போனில் பார்த்தபடியே டிஸ்க்கைக் கழுவி மாட்டினான். சக்கரம் பூட்டுமுன் சாப்பிட உள்ளே வந்தான். அடுப்படி ஜன்னல் வழியே பார்த்தேன். தொழிற்சாலையின் இயந்திரச் சக்கரங்களைக் காக்கும் ரோதைமுனிச் சாமிக்குச் செய்வது போல, கங்காணி சூடம் கொளுத்தி, இரண்டு டிஸ்க்குக்கும் நல்லெண்ணெய் தடவி, சாக்கால் துடைத்து, ஓரத்தில் சந்தனப் பொட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டும். ஆனால் ஆம்பிளைகள் வேலைக்கு நடுவே நான் வாய் திறந்து பழக்கமில்லை. சக்கரம் பூட்டினார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.  கோயில்வரை ஒரு வெள்ளோட்டம் போய்வர, கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறக் காலைத் தூக்கினாள்.

ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

"என்னம்மா? நல்ல நேரம் போகுது, வழி விடுங்க."

"அவ ஏறக் கூடாது. கங்காணி பிரேக்குக்கு நல்லெண்ணெய் பூசிட்டாரு. கடைக்காரரு சொட்டுக்கூட படக்கூடாதுன்னாரு."

லயமே எட்டிப் பார்த்தது. கங்காணிக்கு ரோசம் வந்துவிட்டது. "தங்கச்சி, முப்பது வருசம் ரோதைக்குப் பூசியிருக்கேன். ஒரு நாள் நின்னிருக்குமா?"

"ஐயோ மாமா," செல்வம் தலையில் கை வைத்தான், "இது நிக்கிறதுக்குத்தானே மாட்டுறோம்!"

வெறும் காரை ஊர்ந்து ஓட்டிப் பார்த்தான். பிரேக்கை அமுக்க அமுக்க, அது சாவகாசமாகப் போய்ப் பாதையோரத் தண்ணீர்க் கானில் இறங்கி உட்கார்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. கங்காணி கலாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் அதே பேட்டில் புது ஜோடி வாங்கிவந்தார். டிஸ்க்கைக் கை வெளுக்கும்வரை சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை பலாங்கொடை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டியபடி வந்தார். கலாவுக்குப் பெண் பிறந்தது.

போன மழைக்கு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. அதன் பிறகு ஒரு நாள் எங்கள் அடுப்பில் சோறு கருகிப் புகைய, பக்கத்திலேயே நின்று கேட்டார்: "தங்கச்சி, இன்னைக்கு என்ன கறி?"

நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்றும் கார் புறப்படும்போது வந்துவிடுகிறார். நான்கு சக்கரத்தையும் குனிந்து மோந்து, "சரியா இருக்கு, பேத்திய ஏத்துங்க" என்கிறார். செல்வம் கராஜில் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான். இருந்தாலும், கங்காணி மோந்துவிட்டு நிமிரும்வரை நான் ஏறுவதில்லை.