ஐந்து விரலில் ஐந்து இங்கிலீஷ் வார்த்தை

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிற நான், ஒரு வகுப்பையே தெருவுக்கு ஓடவிடப் பார்த்த கதை இது.

அப்போது கோச்சடையில் குடியிருந்தோம். பழங்காநத்தத்தில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆயா தேவை என்றார்கள். வேலை கிடைத்தால் என் மகள் சுதாவையும் அங்கே ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை; அந்தப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்மை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள். ஒரே சிக்கல், கேட்டுக்கு உள்ளே யாரும் தமிழ் பேசக் கூடாது. ஆயாவுக்கும் அதுதான் சட்டம். நாளை மறுநாள் வந்து ஒரு நாள் வேலை செய்துகாட்ட வேண்டும். வாயில் தமிழ் வந்தால் அப்படியே வீட்டுக்குப் போகலாம்.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் டீச்சரிடம் ஓடினேன். வேறொரு பள்ளியில் இங்கிலீஷ் எடுப்பவர்.

“டீச்சர், நாளன்னைக்குள்ள எனக்கு இங்கிலீஷ் வரணும்.”

“எனக்கே முப்பது வருசமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு ராணி,” என்றார். பிறகு யோசித்து, “முழு வாக்கியமெல்லாம் உனக்கு வேணாம். என்ன செய்யணும்னு பிள்ளைகளுக்கே தெரியும். எப்படிச் செய்யணும்னு மட்டும் நீ சொல்லு. அதுக்குப் பேரு அட்வெர்ப். சாப்பிடுறப்ப நீட்லின்னு சொன்னா சிந்தாம சாப்பிடும். எழுதுறப்ப அதையே சொன்னா கிறுக்காம எழுதும். அஞ்சு வார்த்தை போதும், அம்புட்டுதான்.”

விரலுக்கு ஒன்றாக ஏற்றிவிட்டார். கட்டைவிரல் குண்டு, அசைந்துதான் வரும்: ஸ்லோலி, மெதுவாக. ஆட்காட்டி விரல் விரட்டும்: குயிக்லி, சீக்கிரமாக. நடுவிரல் சைலண்ட்லி, சத்தமில்லாமல். மோதிர விரல் நீட்லி, சுத்தமாக. சுண்டுவிரல் கேர்ஃபுலி, பத்திரமாக. விரலை அசைத்தால் வார்த்தை வந்துவிடும்.

இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுத்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன், நடந்தபடியே விரல்களை ஆட்டினேன். வீட்டுக்காரர் சோறு கேட்டார். “ஸ்லோலி” என்றேன். “அடியே, பசிக்குதுடி!” என்றார். (பாவம், அவருக்கு அட்வெர்ப் தெரியாது.)

அந்த நாளும் வந்தது. காலையில் எல்லாம் நன்றாகவே போனது. பால் குடிக்கும்போது நீட்லி. பாத்ரூம் வழுக்கியது, கேர்ஃபுலி. எச்.எம். மேடம் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு மனசுக்குள் சுதா யூனிஃபார்ம் போட்டு நின்றாள்.

பதினோரு மணிக்கு கரஸ்பாண்டென்ட் ஐயா வருகிறார் என்றார்கள். மாடியிலிருந்து பிள்ளைகளைக் கீழே கூட்டிவந்து வரிசையாக நிறுத்த வேண்டும். முப்பது பிள்ளைகள். என் இடது கையில் தண்ணீர் பாட்டில் கூடை. படியைக் கண்டதும் பயந்த சின்னதுகள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கட்டைவிரலை. ஒன்று நடுவிரலை. ஒன்று மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து.

இப்போது மெதுவாக என்று சொல்ல வேண்டும். கட்டைவிரலை அசைத்தேன், அசையவில்லை. வார்த்தையும் வரவில்லை. மிச்சமிருந்தது ஒரே விரல். அது தானாகவே படியைக் காட்டியது.

“குயிக்லி!”

அம்புட்டுதான். மூட்டையிலிருந்து நெல்லிக்காய் கொட்டியதுபோல் முப்பதும் உருண்டன. நிறுத்தத் தெரியாமல் இன்னும் சத்தமாக “குயிக்லி! குயிக்லி!” என்றேன். கீழே கரஸ்பாண்டென்ட் ஐயா மாலைக்குத் தலை குனிந்து நின்றார். பாதிப் பேர் அவருக்கு வலப்பக்கம், பாதிப் பேர் இடப்பக்கம். ஒருவன் மட்டும் அவர் வேட்டிக்குள் புகுந்து வந்தான்.

“ஸ்டாப் தெம்!” என்று மேடம் கத்தினார். டீச்சர் எனக்கு ஸ்டாப் சொல்லித்தரவே இல்லையே! என்னிடம் இருந்ததெல்லாம் ‘எப்படி’ மட்டும்தான்.

அப்போதுதான் பார்த்தேன். ஐயாவின் கார் வருவதற்காகத் திறந்த கேட், திறந்தபடியே கிடந்தது. வெளியே பஸ்கள். முன்னால் ஓடியவன் கேட்டை நெருங்கிவிட்டான். வாயைத் திறந்தால் சுதாவின் சீட் போய்விடும். தெரிந்தேதான் திறந்தேன்.

“டேய்! அம்புட்டுப் பேரும் அப்படியே நில்லுங்கடா! அங்கிட்டு ஒரு எட்டு வச்சீங்க, காலை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!”

முப்பதும் நின்றன. மேடமும் நின்றார். ஐயா மாலையோடு அசையாமல் நின்றார்.

நான் அழுதுகொண்டே கூடையைக் கீழே வைத்தேன். “வாரேன் மேடம்,” என்று தமிழிலேயே சொன்னேன். இனிமேல் என்ன?

“இரும்மா,” என்றார் ஐயா, வேட்டியை இறுக்கிக் கட்டியபடி. “இம்புட்டு வருசத்துல நம்ம பிள்ளைக ஒரு சொல்லுக்கு நின்னு நான் பார்த்ததில்ல. இந்தம்மா கேட்டுல இருக்கட்டும்.”

“சார், தமிழ் பேசக் கூடாதுங்கிறது ரூல்...” என்று இழுத்தார் மேடம்.

“கேட்டுக்கு உள்ளதானே ரூல்? ஸ்டூலை ஒரு அடி வெளிய போடுங்க.”

அந்த ஸ்டூலில் பதினாறு வருடம் உட்கார்ந்தேன். கேட்டுக்கு வெளியே நான்; பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறவரை உள்ளே சுதா. இன்று அவள் வீட்டில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் யாரும் கத்துவதில்லை; ஆட்காட்டி விரலைத் தூக்கினால் போதும், எல்லாரும் ஓடுவார்கள். நான் யாரையாவது திட்ட ஆரம்பித்தால் மருமகன் ஓடிவந்து என் விரல்களைப் பிடித்துக்கொள்வார். “பிடிச்சுட்டேன், இனி அத்தைக்கு வார்த்தை வராது!”

பிள்ளைகள் முப்பதா, முப்பத்திரண்டா? நீட்லி மோதிர விரல்தானா, இல்லை சுண்டுவிரலா? ரோஸ்லின் டீச்சர் இதைப் படித்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். அவசரமில்லை டீச்சர். கட்டைவிரல் போதும்.